இரட்டை நீலக் கோடு

அக்டோபர் 23

இந்த ஆமைகளைத் திருடியவன் காரில் வந்தவன். அவனை அனுப்பியவன் சென்னையில் இருக்கிறான். வாங்குகிறவன் ஏதோ ஒரு நாட்டில் கண்ணாடித் தொட்டியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். இந்த மூன்று பேரும் திருடர்கள். நான்காவது ஆளைத் தேட வேண்டியதில்லை.

நேற்று மதியம் சுங்கச்சாவடியில் வெங்காய மூட்டைகளுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். இருநூற்றுப் பதினான்கு நட்சத்திர ஆமைகள். பெரும்பாலும் உள்ளங்கை அளவு. கால்களையும் தலையையும் ஓட்டுக்குள் அமுக்கி, மேலே செல்லோடேப் சுற்றி, ஒவ்வொன்றையும் ஒரு வெள்ளை சாக்ஸுக்குள் போட்டு முடிந்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் சாக்ஸ். கம்பெனிச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

எல்லாம் எங்கள் வனச்சரக அலுவலகத்தின் பின்கொட்டகைக்கு வந்துவிட்டன. இங்கே விலங்குப் பராமரிப்பாளர் என்று ஒரு ஒப்பந்த வேலை உண்டு. ஏழு மாதமாக அது நான். இதுவரை பராமரித்தது ஒரு மயிலையும் கால் ஒடிந்த இரண்டு புள்ளிமான்களையும். இன்று காலையிலிருந்து சின்னக் கத்தரியால் டேப் வெட்டிக்கொண்டிருக்கிறேன். அவசரப்பட்டால் தோலும் சேர்ந்து வருகிறது. டேப்பை எடுத்த பிறகும் எதுவும் நகரவில்லை. ஒரு கால் மட்டும் வெளியே வரும், தரையைத் தொட்டுப் பார்க்கும், மறுபடி உள்ளே போய்விடும்.

கால்நடை மருத்துவர் ஹபீபா மேடம் வந்து மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். அடி ஓட்டில் சாயத்தால் அடையாளம் போட்டிருப்பதைக் கவனித்தவர் அவர்தான். எண்ணி எழுதச் சொன்னார்.

சிவப்புப் பொட்டு 83. பச்சை வளையம் 60. மற்றவை 71.

அக்டோபர் 24

மூன்று செத்தன. 211.

அக்டோபர் 25

காலை ஆறரைக்கு வெந்நீர். கை பொறுக்கும் சூட்டில், அகலத் தட்டில் ஒரு விரல் உயரத்துக்கு ஊற்றி, பத்துப் பத்தாக உட்கார வைக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் குடிக்கின்றன. பிறகு எடை. பிறகு தீவனம். பிறகு மூக்கில் சளி வடிகிறதா என்று பார்ப்பது. முடிக்கும்போது பதினொரு மணி.

நன்றி சொல்வது எனக்கு வராது. சொல்ல முயன்றால் சண்டைக்குக் கூப்பிடுவது போல் இருக்கிறது என்று ஹாஸ்டல் தோழி சொல்வாள். அதனால் எழுதி வைக்கிறேன். வனக்காப்பாளர் எட்வின் அண்ணனுக்கு நன்றி. சப்பாத்திக்கள்ளி மடல்களைக் கோணிப்பை நிறைய வெட்டி வந்து, முள்ளைத் தீயில் வாட்டி எடுத்துத் தருகிறார். கையெல்லாம் பூமுள். "கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு முருங்கக்கீர ஆஞ்சு குடுத்ததில்ல, ஒங்க ஆமைக்குக் கள்ளி வாட்டுதேன்" என்கிறார். மார்க்கெட்டில் கீரை விற்கிற அம்மாவுக்கும் நன்றி. வாடிய கட்டுகளைச் சும்மா தருகிறார். முயலுக்கா என்று கேட்டார். ஆமைக்கு என்றதும் ஒரு கணம் கையை இழுத்துக்கொண்டார். பிறகு தந்தார்.

ஊரிலிருந்து அண்ணன் கொம்பையா போன் செய்தான். செவிமொட்டை ஆடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறதாம், இரண்டும் கிடா. அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. அங்கே ஆமை பிடித்தார்களாமே, எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கேட்டான். என் வேலையைப் பற்றி அவன் கேட்டது இதுவே முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது என்று எழுதிக்கொள்கிறேன்.

அக்டோபர் 28

இன்றோடு ஒன்பது செத்துவிட்டன. செத்ததைச் சும்மா புதைக்க முடியாது. வழக்கு முடியும் வரை இவை தொண்டிப் பொருள். உயிரோடு இருந்தாலும் செத்தாலும் நீதிமன்றத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அறுத்துப் பார்த்து, படம் எடுத்து, மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, எரிக்க வேண்டும். காரில் வந்தவனுக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. அவனுக்கு வக்கீல் இருக்கிறார்.

பிரேதப் பரிசோதனை முடித்துக் கை கழுவும்போது ஹபீபா மேடம் கேட்டார்.

"வடிவு, இந்தச் சாயத்தப் பாத்தா ஆட்டுக்குப் போடுற அடையாளம் மாதிரி இல்ல?"

"அப்படியா மேடம்."

"ஒரே தொழுவுல நாலு வீட்டு ஆடு நின்னா எது யாருதுன்னு தெரியணும்னு போடுவாங்கள்ல. உங்க ஊர்ப்பக்கம் செம்மறி நிறைய உண்டே."

எங்கள் வீட்டில் இப்போது ஆடு இல்லை என்று சொன்னேன். பிறகு தொட்டிகளைக் கழுவினேன். பதினாறு தொட்டி.

நவம்பர் 1

எண் 117 சாப்பிட்டது. பத்து நாளாக வாயைத் திறக்காத ஆமை. செம்பருத்திப் பூ ஒன்றை மூக்கருகே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அரைமணி கழித்துப் போனால் காம்பு மட்டும் கிடந்தது. வாயோரம் சிவப்பு. 117-க்கு நன்றி.

மாலையில் சும்மா இருந்தேன். சும்மா இருந்தால் அண்ணன் ஞாபகம்தான் வருகிறது.

அப்பா இறந்தபோது நான் ஆறாவது, அவன் ஒன்பதாவது. யாராவது ஒருவர் ஆட்டோடு போக வேண்டும். பெண்பிள்ளையை நிறுத்துவதுதான் ஊர் வழக்கம். என் சித்தப்பா மூன்று பேரும் அதைத்தான் சொன்னார்கள். தலைமையாசிரியர் அண்ணனுக்காக இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். அவன் கணக்கில் கெட்டி. "அவ பள்ளிக்கூடம் போகட்டும் சார், ஆடு என் பேச்சத்தான் கேக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டான். அன்றிலிருந்து பன்னிரண்டு வருடம். மழையில் நின்று நின்று அவன் கால்விரல் இடுக்கு எப்போதும் வெந்துபோயிருக்கும். நான் விலங்கியல் படித்தேன், ஹாஸ்டலில் மின்விசிறிக்குக் கீழே. கடைசி வருடம் நோய் வந்து பாதி ஆடு செத்தது. அந்த வருடமும் ஹாஸ்டல் கட்டணம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. எப்படி என்று நான் கேட்கவில்லை.

இந்த உலகத்தில் நான் கடமைப்பட்ட ஆள் ஒருவன்தான். இதை அவனிடம் சொன்னால், ஏட்டி காய்ச்சலா என்று கேட்பான்.

நவம்பர் 4

இன்று ஹபீபா மேடம் பலகையில் எழுதியது போல விளக்கினார். நீதிமன்றத் தேதி 20. அதற்குள் இவற்றை என்ன செய்வது என்று அவர் ஓர் அறிக்கை தர வேண்டும். வழி இரண்டுதான்.

பக்கத்துக் காப்புக்காட்டில் மொத்தமாக விட்டுவிடலாம் என்று எட்வின் அண்ணன் சொன்னதற்கு அவர் தலையை ஆட்டினார். அந்தக் காட்டில் ஏற்கெனவே ஆமைகள் உண்டு. சாக்ஸுக்குள் கிடந்து இவை பிடித்துக்கொண்ட சளி நோயைக் கொண்டுபோய் அவற்றுக்கும் கொடுத்தால் அதுவும் போச்சு. தெரியாத இடத்தில் விட்டால் சொந்த இடத்தைத் தேடி நடக்கும். நடந்தால் ரோடு வரும், லாரி வரும். எடுத்த இடம் தெரிந்தால், நோய் இல்லாததை மட்டும் பிரித்து அங்கேயே விடலாம். தெரியாவிட்டால் நகரத்து உயிரியல் பூங்கா. அங்கே ஏற்கெனவே ஆயிரத்துக்கு மேல், சிமெண்ட் தரையில், ஆயுள் முழுக்க.

"இது ஆயுள் தண்டனைதான் மேடம். பிடிச்சவன் நாளைக்கே ஜாமீன்ல வெளிய போயிருவான், பிடிபட்டது உள்ள" என்றேன்.

"கோபப்படு, தப்பில்ல. ஆனா காட்டையும் யோசி வடிவு. ஒரு பொண்ணு ஆமை முட்டை போட ஆரம்பிக்கவே எட்டு பத்து வருஷம் ஆகும். போடுறது நாலஞ்சு. அதுல கீரி, உடும்பு, காக்கா எல்லாம் தின்னது போக மிச்சம். ஒரே மழைக்காலத்துல ஒரு பொட்டல்ல எழுபத அள்ளிட்டா, அந்தப் பொட்டல் திரும்ப நிறைய நம்ம ஆயுசு பத்தாது."

எழுபது என்று ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. உதாரணத்துக்குத்தான் சொல்லியிருப்பார்.

நவம்பர் 6

மழை. தொட்டிக்கு மேல் தார்ப்பாய் கட்டினேன். மழைச் சத்தம் கேட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் தலையை வெளியே நீட்டின. இருநூறு தலை. இதைப் பார்த்ததற்காகவாவது இந்த வேலைக்கு நன்றி.

நவம்பர் 9, ஞாயிறு

ஊருக்குப் போனேன். அம்மா புளிக்குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் பட்டிக்குப் போனேன்.

அண்ணன் புதுக்குட்டிகளைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு பின்தொடையில் நீலச் சாயம் அடித்துக்கொண்டிருந்தான். இரண்டு கோடு. தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டு அடையாளம் அதுதான்.

"அந்த டப்பாதான் ஆமைக்கும் அடிச்சியாண்ணே?"

அவன் குட்டியை விடவில்லை. இரண்டாவது கோட்டை நிதானமாக இழுத்து முடித்தான்.

"வந்ததும் வராததுமா ஒங்க ரேஞ்சர் மாதிரி கேக்க."

"ஆமாவா இல்லையா?"

"வேற என்ன சாயம் இருக்கு நம்மகிட்ட."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். மூன்று வீட்டுக்காரர்கள். மழை தொடங்கியதும் ஆடு மேய்க்கிற போக்கில் எடுப்பது. பட்டிக்குப் பின்னால் ஒரே குழி, மேலே வேலிமுள். கார்க்காரன் வந்து அள்ளிக்கொண்டு போவான். நான்கு வருடமாக.

"களவாங்குற பொருள்ல எவனாவது தன் வீட்டு அடையாளத்தப் போடுவானா? கூறு வேண்டாம்?"

"களவுன்னு யாரு நெனச்சா. மானத் தொட்டா ஜெயிலு, மயிலத் தொட்டா ஜெயிலு. இது சும்மா கல்லு மாதிரி கெடக்கு. ஒரே குழில கெடந்தா எது யாருதுன்னு அடிச்சுக்கிடுவாங்கன்னு நாந்தான் சொன்னேன், ஆட்டுக்குப் போடுத மாதிரி போட்டுருவோம்னு. அடுத்தவன் உருப்படியில ஒண்ணக்கூட நாம எடுத்துரக் கூடாதுல்லா."

இதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரிலேயே நாணயமான ஆள் என்று இவனைச் சொல்வார்கள். நாணயமாக இருக்கப் போய் ஊரையே மாட்டிவிட்டிருக்கிறான். அந்தச் சென்னைக்காரன் இத்தனை வருடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில்கூடத் தன் பெயரை விட்டு வைத்ததில்லை.

"முன்னல்லாம் மழ விழுந்தா காலுக்குள்ள தட்டுப்படும். நீயுந்தான் பாத்துருக்க" என்றான். "இந்த வருசம் எழுவதச் சேக்க மூணு கரடு ஏறி எறங்குனேன். இப்ப ஒரு மாசமாச்சு, ஒண்ணுகூடக் கண்ணுல படல. நேத்து கள்ளிப்பொட்டல் பூராம் நடந்தேன். ஆட்டுப் புழுக்கதான் கெடக்கு."

"எதுக்கு நடந்த?"

"சும்மா."

மற்ற இரண்டு அடையாளங்களும் எந்த இடம் என்று கேட்டேன். சிவப்புப் பொட்டு குருவிக்கரடு. பச்சை வளையம் ஆனைப்பாறை ஓடை. யாரைப் பிடிப்பார்கள் என்று கேட்டான். இடத்தை மட்டும்தான் சொல்வேன், ஆளைச் சொல்ல மாட்டேன் என்றேன்.

"அப்ப நம்மளதையும் சொல்லிரு."

மூன்றரை பஸ் வந்துவிட்டது.

நவம்பர் 10

ஹபீபா மேடத்திடம் இரண்டு இடத்தையும் சொன்னேன். ஊருக்குப் போனபோது மேய்க்கிறவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது என்றேன். அவர் ஓட்டின் வரிகளில் ஒட்டியிருந்த மண்ணைக் கண்ணாடிக் குப்பிகளில் சுரண்டி வைத்திருந்தார். எட்வின் அண்ணனை அனுப்பி இரண்டு இடத்து மண்ணையும் அள்ளி வரச் சொன்னார். குருவிக்கரட்டில் செம்மண். ஆனைப்பாறையில் ஓடை மணல் கலந்த சாம்பல் நிறம். இரண்டும் பொருந்தின.

"நீ இல்லன்னா நூத்தி இருபது உயிர் பூங்காவுக்குப் போயிருக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிச்சம்?"

"மிச்சத்துக்குத் தகவல் இல்லையே. என்ன செய்ய."

டிசம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்புக்கு அவர்தான் பரிந்துரைக் கடிதம் எழுதியிருக்கிறார். அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. நான் யோசிப்பது அண்ணனை மட்டும்தான்.

நவம்பர் 13

தலைவலி. தொட்டி கழுவினேன்.

நவம்பர் 15

பெரியது என்று ஒன்றே ஒன்று உண்டு. எண் 140. சாப்பாட்டுத் தட்டு அகலம், பெண்; சாக்ஸில் அடங்காமல் சாக்குத் துணியில் சுற்றி வந்தது. அதை எடுத்தவனுக்கும் கனம் தெரிந்திருக்கும்.

காலையில் அது கொட்டகை மூலையில் பின்கால்களால் சிமெண்ட்டைத் தோண்டிக்கொண்டிருந்தது. ஒரு காலை வைத்து இழுக்கும். பிறகு அடுத்த காலை. மண்ணை வெளியே தள்ளுவது போல வெறும் காற்றைத் தள்ளும். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. நகம் தேய்ந்து தரையில் ரத்தக் கீற்று இருந்தது. அது நிறுத்தவில்லை. எனக்கு முதலில் புரியவில்லை. ஹபீபா மேடத்துக்குப் போன் செய்தேன். "முட்டை போட இடம் தேடுதும்மா, மண்ணக் குடு" என்றார்.

எட்வின் அண்ணனும் நானும் தோட்டத்திலிருந்து பத்துச் சட்டி மண் அள்ளி வந்து கொட்டினோம். 140 அதில் ஏறி, தோண்டி, நாலு முட்டை போட்டது. பிறகு மண்ணைத் தள்ளி மூடி, வயிற்றால் அமுக்கி அமுக்கிச் சமன் செய்தது. அதைச் செய்து முடிக்க இரண்டு மணி நேரம். அதுவரை எட்வின் அண்ணன் டீ குடிக்கக்கூடப் போகவில்லை. "எங்க வீட்டுக்காரிக்குக் கூட நான் இப்பிடி நிக்கல" என்றார்.

140-ஐப் புரட்டிப் பார்க்க எனக்குத் தேவையில்லை. அடியில் என்ன இருக்கிறது என்று முதல் நாளிலிருந்து தெரியும்.

நவம்பர் 16

மேடம் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார்.

"மிச்ச எழுபத்தொண்ணும் கள்ளிப்பொட்டல் மேடம். கரிசலும் சுக்கான்கல்லும். மண்ண எடுத்துப் பாருங்க, பொருந்தும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் ஊரு."

ஆடு இல்லை என்று நான் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். எண்ணெய்க் கிண்ணத்தை மூடினார்.

"நான் டாக்டர். அறிக்கைல மண்ணப் பத்தி மட்டும் எழுதுறேன். மத்தத நீ யார்கிட்ட சொல்லணுமோ சொல்லிக்க."

உட்காரவைத்து இடியாப்பம் கொடுத்தார். அவருக்கு எழுதி வைக்கிற நன்றி போதாது. ஒருநாள் வாயால் சொல்ல வேண்டும்.

நவம்பர் 20

நீதிபதி அனுமதித்துவிட்டார். நோயில்லாதவற்றை எடுத்த இடத்திலேயே விடலாம். எட்வின் அண்ணன் நீதிமன்றத்திலிருந்து போன் செய்து, "தங்கச்சி, விடுதலைம்மா" என்றார். நான் அழுதேன். கொட்டகையில் யாரும் இல்லை, 195 பேரைத் தவிர.

நவம்பர் 25

சிவப்புப் பொட்டு குருவிக்கரட்டுக்குப் போயிற்று. பச்சை வளையம் நாளை மறுநாள். விடுவதற்கு முன் சாயத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். எட்வின் அண்ணனுக்கு ஐந்து நாளாக அந்த வேலைதான். அடி ஓட்டில் வலிக்காமல், மரக்குச்சியால், எண்ணெய் தொட்டு. படங்கள் எல்லாம் ரேஞ்சர் ஜோதிமுருகன் சாரின் கோப்பில் இருக்கின்றன.

காரில் வந்தவன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டானாம். சென்னைக்காரன் பெயர் குற்றப்பத்திரிகையில் இல்லை. "அடையாளம் தெரியாத நபர்" என்று எழுதியிருக்கிறது.

டிசம்பர் 1

அண்ணனிடம் போனில் சொன்னேன். புதன்கிழமை காலை கள்ளிப்பொட்டலில் விடுகிறோம். ரேஞ்சரும் வருவார். அன்று ஒருநாள் ஆட்டைத் தெற்கே கண்மாய்ப் பக்கம் ஓட்டிக்கொண்டு போ. இந்தப் பக்கம் தலைகாட்டாதே.

"சரி" என்றான். உடனே சரி சொல்கிற ஆள் இல்லை அவன்.

டிசம்பர் 3

நேற்று நல்ல மழை. பொட்டல் முழுக்கப் புல் முளைவிட்டிருந்தது. பதினோரு பெட்டி, அறுபத்தொரு ஆமை. சளி நிற்காத ஐந்து மட்டும் கொட்டகையிலேயே இருக்கின்றன. ரேஞ்சர், ஹபீபா மேடம், எட்வின் அண்ணன், நான்.

ஜீப் நிற்க வசதியாகக் கிழக்கு ஓரத்தில் இறக்கினோம். முதல் பெட்டியைத் திறக்கும்போது ஆட்டு மணிச் சத்தம் கேட்டது. மேட்டைத் தாண்டி செம்மறிகள் வந்தன. மொத்தப் பட்டியும். ஒவ்வொன்றின் பின்தொடையிலும் இரண்டு நீலக் கோடு, புதிதாக அடித்தது, மழையிலும் கரையாமல். பின்னால் துரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கொம்பையா.

எட்வின் அண்ணன் ஆட்டைப் பார்த்தார். ஒரு வாரம் குச்சியால் சுரண்டிய கோடு அது. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். கொம்பையாவுக்கும் எனக்கும் ஒரே மூக்கு.

அண்ணன் நேராக ரேஞ்சரிடம் வந்தான்.

"சார், இந்த இடத்துல விடாதீங்க. புதுசா கரண்டுக் காத்தாடி போடுதாங்க, லாரி இதுலதான் வரும். நசுக்கிப்புடும். மேக்க கள்ளிப்புதரு இருக்கு, அங்கதான் இதுக கெடந்துச்சு."

"உமக்கு எப்படித் தெரியும்?"

"நாந்தான எடுத்தேன்."

ஆடுகள் பெட்டிகளை முகர்ந்துகொண்டிருந்தன. ரேஞ்சர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "சரி, காட்டும்" என்றார்.

அடுத்த மூன்று மணி நேரம் பெட்டிகளைச் சுமந்துகொண்டு அவன் பின்னால் நடந்தோம். அவன் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, ஓட்டின் கோலத்தைப் பார்த்து, இது ஓடைக்கரை, இது ரெட்டைப் பனை, இது எறும்புப் புற்றுப் பக்கம் என்று வைத்தான். எல்லாவற்றையும் இல்லை. நாற்பதுக்கு மேல் சரியாகச் சொன்னான். சந்தேகமானதைக் கையில் வைத்துக்கொண்டு நின்று யோசித்தான்.

"இம்புட்டு ஞாபகம் வச்சிருக்கிற ஆளு எடுக்காமலே இருந்திருக்கலாம்லாய்யா" என்றார் எட்வின் அண்ணன்.

"ஆமாண்ணாச்சி" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

140-ஐக் கடைசியாகத் தூக்கினான். பெரிய கள்ளிப்புதரின் மேற்குப் பக்கம் குனிந்து, வெகுநேரம் இடம் பார்த்து வைத்தான். அது தலையை நீட்டியது. இங்கே அது தரையைத் தொட்டுப் பார்க்கவில்லை. நேரே நடந்து புதருக்குள் போய்விட்டது.

என் அண்ணனைப் பார்த்து நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. இவ்வளவு பயந்ததும் இல்லை.

ஜீப்பில் ஏறும்போது அவனும் ஏறினான். அம்மா வந்து ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

டிசம்பர் 4

அவனை இன்னும் விடவில்லை. அடைக்கவும் இல்லை. அலுவலக பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். சாட்சியா, குற்றவாளியா என்று மாவட்ட அலுவலகம் முடிவு செய்ய வேண்டுமாம். காலையில் எட்வின் அண்ணன் தன் டிபன் பாக்ஸைத் திறந்து அவனோடு பாதி இட்லியைப் பகிர்ந்து சாப்பிட்டார். அவருக்கு நன்றி.

பத்து மணிக்கு ரேஞ்சர் வாக்குமூலம் எழுதினார். அண்ணன் எதையும் மறைக்கவில்லை. குழி, கார், நான்கு மழைக்காலம், சாயம். மற்ற இரண்டு வீட்டையும் மட்டும் சொல்லவில்லை. அவர்கள் வந்து சொல்வார்கள் என்றான். "நீரே தானா முன்வந்து சொன்னதா எழுதுறேன்" என்றார் ரேஞ்சர். நல்ல மனிதர். அதற்கும் நன்றி.

நான் கதவருகே நின்றிருந்தேன்.

"உம்ம குடும்பத்துல வேற யாருக்காவது இது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது சார்" என்றான் அண்ணன்.

ரேஞ்சர் அப்படியே எழுதினார். எழுதிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார், "வடிவு, ஒனக்கு நீட்டிப்பு ஆர்டர் வந்துருக்கு. ஒரு வருஷத்துக்கு. போய் அந்த அஞ்சுக்கும் வெந்நி வை."

போயிருக்கலாம். அண்ணனும் கண்ணால் போ என்றான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் தலைமையாசிரியரிடம் காட்டிய அதே முகம்.

நான் போகவில்லை.

"அவன் ஒம்பதாந்தேதியே சொல்லச் சொன்னான் சார். நான்தான் சொல்லல. அதுக்கு முன்னாலயும் எனக்குத் தெரியும். முதல் நாள், டேப்ப வெட்டி, மொத ஆமையப் புரட்டும்போதே தெரியும். எண்ணி எழுதச் சொன்னாங்க, அந்தக் கோட்ட மட்டும் மத்தவைன்னு எழுதுனேன். டாக்டரம்மாகிட்ட வீட்ல ஆடு இல்லன்னு பொய் சொன்னேன். அவனக் காப்பாத்தத்தான்னு நெனச்சேன். வேலையும் போயிரும்னு நெனச்சேன்."

அண்ணன், "ஏட்டி, சும்மா இரு" என்றான்.

ரேஞ்சர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே யாரோ சைக்கிளை நிறுத்துகிற சத்தம். மேசைக்குக் கிட்டப் போய், அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தேன்.

"இத அடிச்சிட்டு என் பேரையும் எழுதுங்க சார்."

அவர் பேனாவை மூடவில்லை. எழுதவும் இல்லை.